நீங்கள் அழிக்காமல் விட்ட நான்கு எழுத்து

அன்பு வாப்பா,

முதலில் என்னை மன்னியுங்கள். இப்படி எழுதுவது நம் வீட்டு வழக்கமில்லை. போனவர்களுக்கு யாசீன் ஓதுவோம், துஆச் செய்வோம். கடிதம் எழுத மாட்டோம். நானும் தினமும் ஓதுகிறேன். ஆனால் ஓதும்போது செய்தி சொல்ல முடிவதில்லையே. அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் ஓடி ஒளிகிற உங்கள் மகளா இது என்று நினைப்பீர்கள். பேச வராதவள் எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இங்கே எல்லோரும் நலம். உம்மாவுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. கண்ணாடி போட்ட மறுநாளே, வீட்டில் இவ்வளவு ஒட்டடை இருந்ததா என்று என்னைத் திட்டினார்கள். தங்கை பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். வடக்குத் தெரு முனையில் நீங்கள் சோளப்பொரி கொடுத்துக் கெடுத்து வைத்த பூனை இப்போது நம் மாடிப்படியில்தான் குட்டி போட்டிருக்கிறது. கடலில் இரண்டு நாளாகக் கொண்டல் காற்று. மீன் வரத்து இல்லை.

நான் பட்டம் வாங்கிவிட்டேன். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தை உங்கள் எண்ணுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அந்த எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.

பட்டம் வாங்குகிற அளவு படித்தும் உங்களோடு போனில் பேச எனக்கு வந்ததில்லை. உங்களுக்கும் என்னோடு பேச வந்ததில்லை. "சாப்பிட்டியா புள்ள?" "சாப்பிட்டேன் வாப்பா." "படிக்கிறியா?" "படிக்கிறேன் வாப்பா." அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். "உம்மாகிட்ட குடு" என்பீர்கள். போனைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். நான் அங்கே நிற்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

அந்த மௌனத்துக்குத்தான் நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். விடுமுறையில் வந்திருந்தபோது, நான் வார இதழில் குறுக்கெழுத்துப் போடுவதைப் பார்த்தீர்கள். திரும்பிப் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. "அந்தக் கட்டத்தப் படம் புடிச்சு அனுப்பு புள்ள. நானும் போடுறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கணும். எனக்கு முந்தி நீ பாக்கக் கூடாது."

அதிலிருந்து வெள்ளிதோறும் நடந்தது. உங்கள் கடையில் வந்து இறங்கும் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் கட்டங்களைப் பார்த்து வரைவீர்கள். நான் இதழிலேயே போடுவேன். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துக்கொள்வோம். நீங்கள் பிஸ்மி சொன்னதும் தொடக்கம். அதன்பிறகு வெகுநேரம் யாரும் பேசுவதில்லை. உங்கள் அறையின் ஏசி இரையும். இங்கே காக்கை கத்தும். பென்சில் அட்டையில் உரசும் சத்தம் எனக்குக் கேட்கும். பின்னால் உங்கள் அறைத் தோழர் போர்வைக்குள்ளிருந்து, "லீவு நாள்லயாவது ஒறங்க விடுங்க பாய்!" என்று முனகுவார். நீங்கள், "ஏலே, நாலு எழுத்துல ஒரு காயி சொல்லு" என்பீர்கள். "பூசணி." "அது மூணுடா." "அப்பப் பூசணிக்கா!" அந்த அரைமணி நேரம் எனக்கு வாப்பா வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

கடைசியாக நாம் போட்ட கட்டம் நினைவிருக்கிறதா? இடமிருந்து வலம். "இரு செயல்கள் அதே வேளையில் நடந்தால் இப்படிச் சொல்வோம்." நான்கு எழுத்து. முதல் எழுத்து 'ஒ' என்பது மேலிருந்து வந்த சொல்லில் கிடைத்துவிட்டது. மற்ற மூன்று கட்டங்களும் காலி.

"ஒன்றாக" என்றீர்கள் உடனே.

"இல்ல வாப்பா. ஒன்றாகன்னா ஒரே எடத்துல, பக்கத்துல பக்கத்துல. இது அப்படி இல்ல. எங்கங்க இருந்தாலும் அதே நேரத்துல நடக்குறது."

"இப்ப நீயும் நானும் போடுறோமே, இது?"

"இது ஒரே நேரத்துல."

"ஒன்றாக இல்லியா?"

நான் "இல்ல வாப்பா" என்றேன். உங்கள் பென்சில் அட்டையில் அழுத்தி உரசும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்து, "சரி, நீ படிச்ச புள்ள. நீ என்னவாச்சும் போட்டுக்க. நான் போட்டத அழிக்க மாட்டேன்" என்றீர்கள். நான் 'ஒருங்கே' என்று எழுதினேன். விடை அடுத்த வாரம் வரும், யார் சொன்னது சரி என்று பார்ப்போம் என்று பந்தயம் கட்டினோம்.

அடுத்த வெள்ளி வரவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று கடையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. சவுதியிலேயே அடக்கம் செய்துவிடலாம் என்று பெரிய மாமா பேசி முடிவெடுத்தார்கள். தம்மாமில் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு, மூன்றரை மணிக்கு, அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகை என்று சொன்னார்கள். உங்களை இங்கே கொண்டுவர முடியாததால், நம் ஊரில் செய்வதுபோல, எட்டத்தில் இருக்கும் மய்யித்துக்காக இங்கிருந்தே காயிப் ஜனாஸாத் தொழுவது என்று ஆயிற்று. ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் நம் கூடத்தில்.

எப்போது வேண்டுமானாலும் தொழலாம் என்றுதான் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார்கள். நான்தான் உள்ளேயிருந்து வந்து, அத்தனை பேர் முன்னால், மாமாவிடம் கேட்டேன். "மாமா, அங்க தொழுவுற அதே நேரத்துல நாமளும் தொழுவோமா?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமாவின் மனைவி சபீனா மாமி கூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மாமா, "அப்படியே செய்வோம் புள்ள" என்றார்கள்.

நம் கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன அல்லவா? இடப்பக்கம் இந்த ஊர் நேரம். வலப்பக்கம் உங்கள் நேரம். நீங்கள் துபாய்த் துணிக்கடைக்குப் போன வருடம் உம்மா வாங்கி மாட்டியது. நம் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான், ஆள் இருக்கிற ஊருக்கு ஒரு கடிகாரம். அன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஆனாலும் உங்கள் நேரம் வேண்டுமென்றால் அந்தச் சுவரைப் பார்ப்பதுதான் பழக்கம். பள்ளிவாசலிலிருந்து மாமா கூப்பிட்டு, "அங்கன கடியாரத்துல அவுக நேரம் என்ன?" என்று கேட்டார்கள். சபீனா மாமி அண்ணாந்து பார்த்து, "மூணரை ஆகப்போவுது" என்றார்கள். தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினோம்.

தொழுது முடித்து சலாம் கொடுத்தபோது, ஒரு ஆறுதல் இருந்தது வாப்பா. அந்த ஒன்றையாவது உங்களோடு ஒரே நேரத்தில் செய்துவிட்டோம் என்று. பெண்கள் எழுந்தார்கள். தேத்தண்ணி போட்டார்கள். உம்மா மட்டும் பாயைவிட்டு எழவில்லை. துக்கத்தில் அசையாமல் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம். தண்ணீர் லாரி வந்தது. நான் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். லாரிக்காரரின் ஹாரன் சத்தத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டுச் சேவல் ஒரு குடத்துக்குள் தலையை விட்டது. தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உம்மா வீட்டைவிட்டு வெளியே போகாமல் துக்கம் காத்த இத்தா, நான்கு மாதம் பத்து நாள், முடிந்து சில நாள் கழித்து உங்கள் அறைத் தோழர் விடுமுறையில் வந்தார். நம் பக்கத்துத் தங்கச்சிமடத்துக்காரர். பிள்ளைகளைக் கூடப் பார்க்காமல், இறங்கியதும் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் இங்கேதான் வந்தார். உம்மா திரைக்குப் பின்னால் நின்றார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

"நீதானா தங்கச்சி அந்தப் படிச்ச புள்ள? உன்னாலதான் எனக்கு வெள்ளிக்கெழம ஒறக்கம் போச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார். "ஒரு கொறையும் இல்லாமத்தான் அனுப்பி வச்சோம் அக்கா. அசரு முடிஞ்சு பள்ளிவாசல்ல தொழுக வச்சாங்க. நம்ம பக்கத்துப் பயலுவ அம்புட்டுப் பேரும் வந்துட்டான். நான் வெளிய நின்னேன். அந்நேரம் எங்க வீட்டுக்காரி போன் போட்டா. 'மாதா கோயில்ல சாயங்கால மணி அடிக்குது, நான் பாய்க்கும் சேத்துச் செபம் சொல்லிக்கிறேன்'னா. எனக்கும் போன்ல அந்த மணிச் சத்தம் கேட்டுச்சு. அதக் கேட்டுக்கிட்டே அங்க நின்னேன்."

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாயங்கால மணி ஆறுக்கு அடிக்கும். தங்கச்சிமடத்துக்கு ஒரு ஆறு மணி, நம் கீழக்கரைக்கு ஒரு ஆறு மணி என்று கிடையாது. நாம் அதற்கு ஒரு மணி நேரம் முந்தியே, இங்கே ஐந்து மணிக்கே, தொழுதுவிட்டு எழுந்துவிட்டோம்.

அந்தக் கடிகாரம் துபாய் நேரம் வாப்பா. நீங்கள் துபாயை விட்டுத் தம்மாமுக்குப் போய் எத்தனையோ வருடமாகியும் அதை யாரும் திருப்பி வைக்கவில்லை. துபாயைவிட சவுதி ஒரு மணி நேரம் பின்னால். நீங்களே போன் செய்வீர்கள் என்பதால், நானும் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. வீடு முழுக்க உங்கள் நேரம் என்று நம்பி அண்ணாந்து பார்த்தது, நீங்கள் காலி செய்துவிட்டுப் போன ஊரின் நேரத்தை.

உண்மையில் உங்களைத் தொழவைத்தபோது நான் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்றிருந்தேன். சேவலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கரையில் அந்த நேரத்தில் உங்களுக்காகக் கைகூப்பியிருந்தவர், உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு வேதக்காரப் பெண். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அன்று நன்றி தோன்றவில்லை. நீங்கள் தனியாகப் போய்விட்டீர்கள் என்பதே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டியில் உங்கள் லுங்கிகளுக்கு நடுவே அந்த அட்டை இருந்தது. பிஸ்கட் கம்பெனியின் பெயர் ஒரு பக்கம், உங்கள் கட்டங்கள் மறுபக்கம். 'ஒன்றாக' என்பதை மட்டும் மேலும் மேலும் அழுத்தி எழுதியிருந்தீர்கள். அட்டை குழிந்திருந்தது.

பத்திரிகைக் கடைக்காரர் எனக்காக எடுத்து வைத்திருந்த அடுத்த வார இதழை நான் அதுவரை பிரிக்கவேயில்லை. அன்று பிரித்தேன். விடை 'ஒருசேர'. நீங்களும் தோற்றீர்கள், நானும் தோற்றேன். சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. இந்த அர்த்தம் வரும் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் எழுத்தை எண்ணுவேன். 'ஏககாலம்', ஐந்து. கவர்மென்ட் நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. 'அதேசமயம்', ஆறு. செய்தி வாசிப்பவர்கள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவ இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'கூடவே', மூன்று. இது எனக்குப் பிடித்தது, ஆனால் எழுத்து போதாது. உம்மாவுக்கு இதில் எதுவுமே தேவைப்பட்டதில்லை. "நாம லுஹருக்குத் தண்ணி எடுக்கையில அவுக கடை தெறப்பாக." "நாம வெளக்குப் போடையில அவுக அசர் தொழுவாக." ஒரு மூச்சில் இரண்டு ஊரையும் சொல்லிவிடுவார்கள். இத்தனை வருடம் அந்த வாக்கியங்களிலேயே குடித்தனம் நடந்திருக்கிறது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. சபீனா மாமி கொண்டுவந்தது. நல்ல குடும்பம். அவரும் படித்தவர், அமைதியானவர் என்கிறார்கள். போட்டோவில் பார்த்தால் முகத்தில் கர்வம் இல்லை. கத்தாரில் இருக்கிறார். நிக்காஹ் முடிந்து ஒரு மாதம் இருப்பார். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார்.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். மாமிக்குப் பொறுக்கவில்லை. "என்ன மச்சி, ஒம் புள்ள வாயில கொழுக்கட்டையா? பட்டம் வாங்கிட்டா மாப்பிள்ள வானத்துலேர்ந்தா எறங்குவான்? கத்தாருலேர்ந்துதான் எறங்குவான்!"

"அவ யோசிக்கட்டும் மதினி" என்றார்கள் உம்மா. "வர்ற ஜும்மாவுக்குப் பொறவு சொல்றோம்."

"இதுல யோசிக்க என்ன கெடக்கு? நீ யோசிச்சா கட்டுன? நான் யோசிச்சா கட்டுனேன்? நல்லாத்தான இருக்கோம்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் வாப்பா என்னைக் கட்டிப்போட்டது. அந்தப் பையன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்னொரு கடிகாரம் மாட்டத்தான் எனக்குத் தைரியமில்லை. ஆனால் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளோடு வாழ என்னால் ஆகாது என்றால், உம்மாவின் முகத்துக்கு நேரே, நீங்கள் வாழ்ந்தது வாழ்க்கையா என்று கேட்பது போல ஆகிவிடாதா? உங்கள் முகத்துக்கு நேரேயும்தான்.

முந்தாநாள் வலப்பக்கக் கடிகாரம் நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துபோயிற்று. உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, புது பேட்டரி வாங்கி வரச் சொன்னார்கள். நான் நாற்காலியில் ஏறிக் கழற்றினேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது.

"உம்மா, இது சவுதி நேரம் இல்ல. துபாய் நேரம். அன்னைக்கு நாம ஒரு மணி நேரம் முந்தித் தொழுதுட்டோம்."

உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிமிரவில்லை. "தெரியும்" என்றார்கள்.

"தெரியுமா?"

"ஏம் புருசன் இருக்குற ஊருல மணி என்னன்னு எனக்குத் தெரியாதா புள்ள? அவுக தம்மாம் போன அன்னைக்கே போன்ல சொன்னாக, கடியாரத்தத் திருப்பி வையின்னு. நாந்தான் வைக்கல. துபாய்ல இருக்கையில ஒரு மணி நேரம் கிட்டக்க இருந்தாக. எதுக்கு நாமளே தள்ளி வைக்கணும்னு விட்டுட்டேன்."

நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். "அப்ப அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே உம்மா?"

"அங்க பள்ளிவாசல்ல ஆம்பளைக சஃப்பு கட்டி நின்னுட்டாக. ஹஜ்ரத் எப்ப தொழுதாலும் கூடும்னு சொல்லியாச்சு. அந்நேரத்துல நான் போயிக் கணக்குச் சொல்லவா? நீங்க எந்திரிச்சுப் போனீக. நான் எந்திரிக்கல." கல் ஒன்றை எடுத்துத் தரையில் போட்டார்கள். "அவுகளுக்கு மூணரை ஆகும்வரைக்கும் இருந்தேன். ஆனதும் பாயிலயே நின்னு இன்னொரு தடவ தொழுதேன். மண்ணுக்குள்ள வைக்கிற நேரம்வரைக்கும் ஓதிக்கிட்டு இருந்தேன். பொழுதடைஞ்சு மஃரிபு பாங்கு சொல்லயிலதான் பாய விட்டு எந்திரிச்சேன். நீ தண்ணிக்கு நின்ன. யாராச்சும் தண்ணி புடிக்கணுமில்ல."

ஆக, நீங்கள் தனியாகப் போகவில்லை வாப்பா. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும். உங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். எனக்கு முந்தாநாள்தான் தெரியும். நம் கூடத்தில், நான் குடத்தோடு நின்ற இடத்துக்குப் பத்தடி உள்ளே அது நடந்திருக்கிறது. அதற்காகக் காத்திருந்தவர்களைத்தான் நான் பார்த்தும் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையோடு தாண்டிப் போயிருக்கிறேன்.

பேட்டரி போட்டேன். "சரியான நேரம் வைக்கட்டா?" என்று கேட்டேன். "எப்புடி இருந்துச்சோ அப்புடியே வையி" என்றார்கள். அப்படியே வைத்தேன். இப்போது அது மறுபடி ஓடுகிறது, நீங்கள் எங்குமே இல்லாத ஒரு நேரத்தைக் காட்டிக்கொண்டு.

அன்று இரவெல்லாம் யோசித்தேன். உம்மா வாழ்ந்தது வாழ்க்கைதான். அதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் உம்மாவால் முடிந்தது எனக்கு முடியாது. ஒரு மணி நேரத்தைக் கையில் பிடித்து நிறுத்தி, அதை நெருக்கம் என்று வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு ஆள் வேண்டும் வாப்பா. கோபித்துக்கொள்ளவாவது பக்கத்தில் ஆள் வேண்டும். போனில் கேட்கும் பென்சில் சத்தம் எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரியும். அதை வைத்து ஒரு ஆயுளை ஓட்ட என்னால் ஆகாது. அன்று நீங்கள் 'ஒன்றாக இல்லியா' என்று கேட்டபோது, உங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்ததோ? நான் எழுத்தை எண்ணிக்கொண்டிருந்துவிட்டேனே.

இதைச் சபீனா மாமியிடம் சொல்லத் தேவையில்லை. உம்மாவிடம் சொல்ல வேண்டும். ஜும்மாவுக்குப் பிறகு மாமி பதில் கேட்டு வந்துவிடுவார்கள். அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை காலை நாம் கட்டம் போடும் நேரத்தில், உம்மாவின் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன். "எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம் உம்மா" என்று தொடங்குவேன். அதற்கு அடுத்த வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. உம்மா என்ன சொல்வார்கள் என்றும் தெரியவில்லை. அரிசியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார்களா, அதுவும் தெரியாது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்று காலை கடைக்குப் போய் இதழ் வாங்கி வருவேன், உங்களுக்குப் பிறகு முதல்முறையாக. உங்கள் அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நீங்கள் எழுதிய அந்த நான்கு எழுத்தை, விடை தப்பு என்று அச்சிலேயே வந்திருந்தாலும், நான் அழிக்க மாட்டேன். யாரையும் அழிக்க விடவும் மாட்டேன்.

கடைசியில் கேட்கலாம் என்று வைத்திருந்தது ஒன்றுதான். உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. செண்ட் பாட்டில்கூட நீங்களாகத்தான் வாங்கி அனுப்பினீர்கள். வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறக்கும்போது, இருக்கிற இடத்திலிருந்து எனக்காக ஒரு துஆச் செய்யுங்கள் வாப்பா. நான் கூப்பிட மாட்டேன், மணி கேட்க மாட்டேன். எப்போதும்போல நீங்களே பிஸ்மி சொல்லித் தொடங்கிவையுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
ஹசீனா
கீழக்கரை